புதுக் காரில் கோடு! குற்றவாளி யார்?

புதுக் கார் வந்தது. வீடே திருவிழாக் கோலம் பூண்டது.

பாட்டி ஆரத்தித் தட்டுடன் வந்தாள். அம்மா எலுமிச்சம்பழத்துடன் ஓடி வந்தாள். நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழம். முன்னால் மாலை. கண்ணாடியில் சந்தனம், குங்குமம். பூசணிக்காய் உடைந்தது. தேங்காய் உடைந்தது. கார் மெல்ல நகர்ந்தது. பழங்கள் "நச்" என்று நசுங்கின. எல்லார் முகத்திலும் சிரிப்பு!

இரண்டு மாதம் சென்றது. அதே வீட்டு வாசலில் ஒரு நாள் காலை ஒரே கூச்சல்.

"புதுக் காரை இப்படிக் கீறி வைத்தது யார்?"

இது கல்பாக்கத்தில் என் நண்பர் ஒருவர் வீட்டில் நடந்தது. நண்பர் மாதச் சம்பளக்காரர். கார் தவணைக்கு வாங்கியது. நல்ல கறுப்பு நிறம். கண்ணாடி போல முகம் தெரியும். அன்று காலை வெயில் சுள்ளென்று அடித்தது. காரின் முன்மூடியைப் பார்த்தார். திடுக்கிட்டார். வில்போல் வளைந்த கோடுகள்! ஒன்றல்ல, இரண்டல்ல, மூடி முழுவதும் அலை அலையாக ஓடின.

அந்தத் தெருவில் கார்களைத் துடைப்பவர் ஒரு பெரியவர். புதுப்பட்டினத்தில் இருந்து வருகிறவர். விடியற்காலையில் சைக்கிளில் வருவார். ஒரு வாளி, ஒரு துணி. வரிசையாகத் துடைத்துவிட்டுப் போவார்.

"நீங்கள்தான் கீறியிருக்கிறீர்கள். நாளை முதல் வர வேண்டாம்" என்றார் நண்பர். அந்த மாதக் கூலியும் நின்றது.

"நான் கீறல சார்" என்றார் பெரியவர். வேறு எதுவும் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உண்மையில் கீறியது யார்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெயிண்டர் சொன்ன ரகசியம்

மறுநாள் நண்பர் காரை ஒரு டிங்கர் கடைக்குக் கொண்டு போனார். நானும் உடன் போனேன். அங்கே இருந்த பெயிண்டர் காரை வெயிலில் நிறுத்தச் சொன்னார். குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சார், இது கைத்துணி போட்ட கோடு இல்லை. மெஷின் போட்ட கோடு" என்றார்.

"மெஷினா? நான் எந்த மெஷினுக்கும் விடவில்லையே!"

"நீங்கள் விடவில்லை. உங்களிடம் வருவதற்கு முன்பே யாரோ போட்டிருக்கிறார்கள்."

நண்பருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். பெயிண்டர் விளக்கினார். அதன் பிறகு நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தொழிற்சாலையில் இருந்து கார் நேராக நம் வீட்டுக்கு வருவதில்லை. லாரியில் ஏறி வருகிறது. திறந்தவெளியில் நாள் கணக்கில், வாரக் கணக்கில் நிற்கிறது. தூசி படிகிறது. காக்கை எச்சம் விழுகிறது. வாங்குகிறவர் வரும் நாளில் அவசரம் அவசரமாகக் கழுவுகிறார்கள். அழுக்குத் துணியால் துடைத்தால் கோடு விழும். அந்தக் கோட்டை மறைக்கச் சுற்றும் மெஷினால் பாலீஷ் போடுகிறார்கள். கைதேர்ந்தவர் போட்டால் தடம் தெரியாது. அவசரக்காரர் போட்டால் மெஷின் சுற்றிய தடம் வில்லாக, அலையாகப் பதிந்துவிடும்.

அப்படியானால் முதல் நாளே அது ஏன் தெரியவில்லை?

இங்கேதான் ரகசியம் இருக்கிறது. சிலவகைப் பாலீஷில் எண்ணெயும் மெழுகும் கலந்திருக்கும். அது கோடுகளின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கோடு மறைந்துவிடும். கார் ஜொலிக்கும். ஆனால் நாலைந்து முறை கழுவினால் அந்த எண்ணெய் போய்விடும். பள்ளம் மறுபடியும் தெரியும்.

அதாவது, கோடு போட்டது ஒருவர். அதை மூடி வைத்தது ஒருவர். மூடியைக் கழுவி எடுத்தது அந்தப் பெரியவர். பழி அவர் தலையில்!

கவரிங் நகையும் கார் மேனியும்

காரின் மேனியில் இருப்பது வெறும் வர்ணம்தானே என்று நாம் நினைக்கிறோம். அது ஒரே பூச்சு அல்ல. நான்கு பூச்சுகள்.

முதலில் காரின் இரும்புக் கூட்டைத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துருப்பிடிக்காத பூச்சு ஏற்றுகிறார்கள். அதன் மேல் ஓர் அடிப்பூச்சு. அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. பெரிய அடுப்புக்குள் விட்டுச் சுட்டு எடுக்கிறார்கள். நாம் பார்க்கும் பளபளப்பு அந்தக் கடைசிப் பூச்சின் பளபளப்புத்தான்.

நான்கு பூச்சும் சேர்ந்து எவ்வளவு கனம் தெரியுமா? சுமார் 100 முதல் 150 மைக்ரான் வரை. ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்காக்கினால் ஒரு பங்குதான் மைக்ரான். மேலே உள்ள கண்ணாடிப் பூச்சு மட்டும் சுமார் 40, 50 மைக்ரான். நீங்கள் கையில் பிடித்திருக்கும் இந்தச் செய்தித்தாளின் ஒரு தாள் அதைவிடக் கனமானது!

இந்த மெல்லிய பூச்சுத்தான் கடற்கரை வெயிலைத் தாங்குகிறது. மழையைத் தாங்குகிறது. கீழே உள்ள நிறம் வெளுக்காமல் காக்கிறது.

இப்போது பாலீஷுக்கு வருவோம். பாலீஷ் போட்டால் கோடு எப்படி மறைகிறது? கோட்டின் பள்ளத்தை யாரும் நிரப்பவில்லை. சுற்றியுள்ள மேட்டைச் சீவிப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் சில மைக்ரான் போய்விடும். போனது போனதுதான். திரும்பி வராது.

தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். கவரிங் நகையைத் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றினால் என்ன ஆகும்? ஒரு நாள் செம்பு பல்லிளிக்கும்! ஒட்டாத தோசைத் தவாவைக் கம்பி நாரால் தேய்த்தால் என்ன ஆகும்? பூச்சு போய் தோசை ஒட்டும். காரும் அப்படித்தான். அளவுக்கு மேல் தேய்த்தால் கண்ணாடிப் பூச்சு தேய்ந்து, வெயிலில் வெளுத்து, தோல் உரிவது போல உரிந்துவிடும்.

மாமல்லபுரம் இங்கிருந்து பக்கம்தான். அங்கே சிற்பிகள் கருங்கல்லில் சிலை வடிக்கிறார்கள். உளி வேலை முடிந்ததும் முதலில் முரட்டுக் கல்லால் தேய்க்கிறார்கள். பிறகு நயமான கல்லால் தேய்க்கிறார்கள். சிலை முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கிறது. அங்கேயும் மெருகு என்றால் கல்லைச் சீவுவதுதான். ஆனால் சிற்பியின் கையில் முழங்கனம் கல் இருக்கிறது. கார்க்காரர் கையில் ஒரு தாள் கனம்கூட இல்லை!

தாத்தா சொன்னது தப்பா?

"எங்கள் தாத்தா வாராவாரம் தேய்ப்பார். அந்தக் கார் பளபளவென்று இருக்கும்" என்று சிலர் சொல்வார்கள்.

தாத்தா சொன்னது தப்பல்ல. அவர் காலத்து வர்ணம் வேறு.

மோட்டார் காரின் ஆரம்ப காலத்தில் பிரஷ்ஷால் வர்ணம் பூசி, வார்னிஷ் அடித்தார்கள். காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். 1920-களில் அமெரிக்காவில் 'டூக்கோ' என்ற வர்ணம் வந்தது. பீய்ச்சி அடிக்கலாம். விரைவில் காயும். அந்தப் பெயர் நம் ஊரில் அப்படியே தங்கிவிட்டது. இன்றும் பெயிண்ட் கடையில் "டூக்கோ அடிக்கணும்" என்று சொல்கிறவர்கள் உண்டு.

1960-களில் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் செய்தார்கள். வடக்கே அம்பாசடர் செய்தார்கள். அந்தக் கார்களில் நிறமே மேல் பூச்சு. தனியாகக் கண்ணாடிப் பூச்சு கிடையாது. வெயிலில் நிறம் மங்கி மாவு பூத்தது போல் ஆகும். பாலீஷ் போட்டுத் தேய்த்தால் மங்கிய பகுதி போய், அடியில் உள்ள புது நிறம் வரும். துணியில் காரின் நிறம் ஒட்டும். தாத்தா மகிழ்ச்சி அடைவார். தேய்ப்பது அன்று மருந்தாக இருந்தது.

இப்போது பெரும்பாலான கார்களில் நிறத்துக்கு மேலே கண்ணாடிப் பூச்சு உண்டு. அது வெளுத்தால் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனால் அம்பாசடர் காலத்து யோசனை மட்டும் இன்னும் நிற்கவில்லை!

சிலந்தி வலை எங்கிருந்து வந்தது?

மெஷின் போட்ட அலைக்கோடு ஒரு வகை. இன்னொரு வகையும் உண்டு. வெயிலில் பார்த்தால் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகத் தெரியும். "வட்டமாகத் துடைத்ததால் வந்தது" என்பார்கள். அது முழு உண்மை அல்ல.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை விளக்கின் கீழே பிடியுங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டக் கோடுகள் தெரியும். தட்டை நகர்த்துங்கள். வட்டமும் பிம்பத்தோடு நகரும்! கோடுகள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. விளக்கைச் சுற்றி வளைந்து கிடப்பவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. அதனால் வட்டமாகத் தோன்றுகிறது. கார் மேனியிலும் இதே கதைதான்.

அந்தக் கோட்டைப் போடுவது எது? மணல்!

நம் கடற்கரை மணலில் பெரும்பகுதி படிகக் கல்லின் துகள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. மோஸ் என்ற அறிஞர் 1812-ல் வகுத்தது. அதில் இந்தப் படிகக் கல்லுக்கு 7. சாதாரண கண்ணாடிக்குச் சுமார் 5½. கண்ணாடியையே கீறும் மணல், கார்ப் பூச்சை விட்டு வைக்குமா? காய்ந்த தூசியின் மேல் துணியை வைத்து இழுத்தால், உப்புத்தாள் வைத்து இழுத்தது போலத்தான்.

இதை யார் செய்கிறார்கள்? நாம் எல்லாரும்தான்!

சந்தனம் காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டுகிறோம். விபூதியை உலர்ந்த துணியால் தேய்க்கிறோம். மாலையில் உள்ள கம்பியும் சரிகையும் காற்றில் ஆடி ஆடி உரசுகின்றன. தூசி படிந்த மூடியில் பிள்ளைகள் விரலால் பெயர் எழுதுகிறார்கள். கார் மேல் உறை போட்டால் பத்திரம் என்று நினைக்கிறோம். தூசியோடு உறை போட்டால், கடற்காற்றில் அந்த உறை ஆடி, இரவெல்லாம் உரசும். பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை. பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள். ஈரத் துணியால் துடையுங்கள். மாலையை அன்றே கழற்றுங்கள். அவ்வளவுதான்.

கார் துடைக்கும் பெரியவர்களும் கோடு போடுவது உண்டு. மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம்? ஒரு வாளித் தண்ணீர். அதில் பத்துக் கார். ஒரே துணி. அந்தத் துணியும் நாம் வேண்டாம் என்று போட்ட பழைய பனியன்! பத்தாவது காருக்கு வரும்போது அந்தத் துணியில் ஒன்பது கார்களின் மணல் இருக்கிறது. பல லட்ச ரூபாய்க்குக் கார் வாங்கினோம். துணிக்கு நூறு ரூபாய் கொடுக்க மனம் வரவில்லை. பிறகு கோடு விழுந்தது என்று கூலியைப் பிடிக்கிறோம். இது நியாயமா?

சரியாகக் கழுவுவது எப்படி?

வேலை சுலபம்தான்.

வெயிலில் கழுவாதீர்கள். நிழலில், கார் சூடு ஆறிய பிறகு கழுவுங்கள். முதலில் தண்ணீரை மட்டும் ஊற்றி மணலையும் தூசியையும் அடித்துக்கொண்டு போக விடுங்கள். அதுவரை துணி படக் கூடாது.

இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் காருக்கான ஷாம்பூ கலந்த தண்ணீர். மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகுதான் ஷாம்பூத் தண்ணீரில் முக்க வேண்டும். துணி துவைக்கும் சோப்புத்தூள் வேண்டாம்.

மேலிருந்து கீழே வாருங்கள். கூரை, கண்ணாடி, மூடி, கதவு என்ற வரிசை. கதவின் அடிப்பகுதியிலும் சக்கரத்திலும்தான் மணல் அதிகம். அதற்குத் தனித் துணி. அந்தத் துணியை மேலே கொண்டு போகாதீர்கள்.

துணி கீழே விழுந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். நன்றாக அலசாமல் தொடாதீர்கள்.

கழுவியதும் மெல்லிய இழைத் துணியால் ஒற்றி எடுங்கள். கடைகளில் மைக்ரோ ஃபைபர் என்று கேட்டால் கொடுப்பார்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கும். அப்படியே காய விட்டால் வெள்ளைப் புள்ளி பிடிக்கும்.

தண்ணீர் இல்லாத நாளில் என்ன செய்வது? சும்மா விடுங்கள். தூசியோடு நிற்கும் காருக்குக் கெடுதல் இல்லை. உலர்ந்த துணியால் துடைத்த காருக்குத்தான் கெடுதல்.

நகத்தைக் கேளுங்கள்

கோடு விழுந்துவிட்டது. என்ன செய்யலாம்?

முதலில் அந்த இடத்தைக் கழுவுங்கள். பிறகு கோட்டின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

நகம் தட்டவில்லை, தண்ணீர் தெளித்தால் கோடு மறைகிறது. அப்படியானால் கோடு கண்ணாடிப் பூச்சிலேயே நிற்கிறது. பயம் இல்லை. கண்ணை உறுத்தினால், நயமான பாலீஷ் ஒரே ஒரு முறை, கைதேர்ந்த ஆளிடம் போடுங்கள். பூச்சின் கனத்தை அளக்கும் கருவி இருக்கிறது. "அளந்து பார்த்து விட்டுப் போடுங்கள்" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை. உறுத்தவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். விடுவதே உத்தமம்.

நகம் தட்டுகிறது, வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிகிறது. கோடு நிறத்தைத் தாண்டி அடிப்பூச்சுக்குப் போய்விட்டது. இதற்குப் பாலீஷ் உதவாது. தேய்த்தால் சுற்றியுள்ள நல்ல பூச்சும் போய்விடும். அதே நிற வர்ணத்தைத் தொட்டு வைக்க வேண்டும். காரின் நிற எண் காரிலேயே ஒரு வில்லையில் எழுதியிருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் சின்னப் புட்டியில் வர்ணம் கிடைக்கும்.

இரும்பு தெரிகிறது. அப்படியானால் தாமதம் கூடாது. வேறு ஊரில் ஒரு மாதம் பொறுக்கலாம். கல்பாக்கத்தில் பொறுக்கக் கூடாது!

உப்புக் காற்றின் வேலை

ஏன் அப்படிச் சொல்கிறேன்?

மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். உப்பு நீர் விட்டிருக்கும். காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உப்புக்கு உண்டு. கடற்காற்றில் வரும் உப்பும் அப்படித்தான். கார் மேனியில் படிகிறது. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. இரும்பு வெளியே தெரியும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் துரு விரைந்து பிடிக்கும். அதுவும் வெளியே தெரியாமல் வர்ணத்தின் அடியிலேயே ஊர்ந்து போகும். ஒரு நாள் வர்ணம் கொப்புளம் போல எழும்பும். அப்போதுதான் நமக்குத் தெரியும்.

அலைக்கரையில் உப்பு மிக அதிகம். உள்ளே போகப் போகக் குறைந்துவிடும். ஆகையால் சதுரங்கப்பட்டினத்தில் கடல் பார்த்து நிற்கும் காருக்கும், செங்கல்பட்டில் நிற்கும் காருக்கும் ஒரே கவனிப்புப் போதாது.

துரு சின்ன விஷயம் அல்ல. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகம் 1953 முதல் இயங்குகிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்த நிறுவனம் அது. உலோக அரிப்பைப் பற்றி ஆராய்வது அதன் பெரிய வேலைகளில் ஒன்று. கல்பாக்கத்திலேயே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலோக அரிப்பை ஆராயும் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்.

கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் ராஜசிம்ம பல்லவன் காலத்தது. சுமார் 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. கடற்காற்றும் மணலும் உப்பும் அந்தச் சிற்பங்களின் முகத்தை அரித்துவிட்டன. தொல்லியல் துறையினர் கடலோரம் கல் அணை போட்டார்கள். சவுக்கு மரம் வைத்துக் காற்றைத் தடுத்தார்கள். காகிதக் கூழைப் பூசிக் கல்லில் ஊறிய உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். அரித்த முகத்தைத் தேய்த்து மெருகேற்ற அவர்கள் முயலவில்லை. மீதி இருப்பதைக் காப்பாற்றுகிறார்கள். நம் காருக்கும் அதே வழிதான் நல்லது. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி விடுங்கள். காரின் அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். பாலீஷை மறந்துவிடுங்கள்.

சாவி வாங்கும் முன்...

இனிமேல் கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

நல்ல நேரம் பார்க்கிறோம். ராகு காலம் பார்க்கிறோம். காரைப் பார்ப்பதில்லை! விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். "கார் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று நாமே எழுதிக் கொடுத்து விடுகிறோம். என் நண்பரும் அப்படித்தான் செய்தார். பிறகு போய்க் கேட்டபோது அந்தக் கையெழுத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

ஆகையால், பணம் கட்டும்போதே எழுத்தில் சொல்லுங்கள்: "எங்கள் காருக்கு மெஷின் பாலீஷ் வேண்டாம். துணியால் துடைக்க வேண்டாம். தூசியோடு இருந்தாலும் சரி." காரை வெயிலுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். சாய்ந்த பார்வையில் பாருங்கள். மேகமாக இருந்தால் டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். கோடு இருந்தால் கையெழுத்துக்கு முன்பே அந்தக் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நியாயம் கிடைக்காவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கேட்கலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம். குறை ஏற்பட்டதில் இருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கையில் படம் இருந்தால் பேச்சுக்குப் பலம் இருக்கும்.

இன்னொரு சங்கதி. "கோட்டிங் போட்டுக்கொள்ளுங்கள். 9எச் கடினம். கோடே விழாது" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அந்த 9எச் என்ன தெரியுமா? பென்சில் கணக்கு! எழுதும் பென்சிலில் எச்பி, 2எச் என்று இருக்கிறது அல்லவா? அந்த வரிசையில் 9எச் பென்சிலால் கீறினால் தாங்கும் என்று பொருள். மணல் பென்சில் அல்லவே! நல்ல கோட்டிங்கால் பயன் உண்டு. தண்ணீர் ஒட்டாமல் ஓடும். அழுக்குச் சீக்கிரம் போகும். மணலோடு தேய்த்தால் அதிலும் கோடு விழும். பயனைச் சொல்லி விற்பது வியாபாரம். இல்லாததைச் சொல்லி விற்பது வியாபாரம் அல்ல.

இது பணக்காரர் கவலையா?

"கார் இருப்பவனுக்குக் கோடு கவலை. எங்களுக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

இன்று கார் வாங்குகிறவர்களில் பலர் பணக்காரர் அல்ல. ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு தவணை கட்டுகிற குடும்பங்கள். பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக, பிள்ளைகளுடன் ஊருக்குப் போகக் கார் வாங்குகிறார்கள். அந்தக் காசு அவர்களுக்குப் பெரிது. ஸ்கூட்டருக்கும் இதே விதிதான். தூசியோடு துடைக்கக் கூடாது.

அதைவிடப் பெரிது இன்னொன்று இருக்கிறது. ஒரு கோட்டுக்காக ஒரு மனிதரின் மாதக் கூலி போயிற்று. விசாரணை இல்லை. சாட்சி இல்லை. தண்டனை மட்டும் உடனே கிடைத்தது. எளியவர் என்றால் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். காரின் கோட்டை ஒரு பாலீஷில் மறைக்கலாம். "நீ கெடுத்தாய்" என்ற பழியைத் துடைக்கப் பாலீஷ் இல்லை.

என் அபிப்பிராயம் இதுதான். மெல்லிய கோடு ஒரு குறை அல்ல. ஓடுகிற காருக்குக் கோடு விழும். நடக்கிற செருப்புத் தேயும். அதைத் தேய்த்துத் தேய்த்துப் பூச்சைக் கெடுக்காதீர்கள். ஆழமான கோட்டை மட்டும் உடனே மூடுங்கள். கார் விற்பவர்கள் கோட்டை எண்ணெயால் மூடாமல் உள்ளதைச் சொல்லட்டும். கார் வாங்குகிறவர்கள் துடைக்கிறவருக்கு நல்ல துணியும் போதிய தண்ணீரும் கொடுக்கட்டும்.

கதையை முடிக்கவில்லையே!

டிங்கர் கடையில் இருந்து திரும்பும்போது நண்பர் பேசவே இல்லை. காரை நேராகப் புதுப்பட்டினத்துக்கு விட்டார். விசாரித்து, சந்துக்குள் நடந்து, பெரியவர் வீட்டைக் கண்டுபிடித்தோம். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"தப்பு என்மேல்தான் ஐயா. தெரியாமல் பேசிவிட்டேன்" என்றார் நண்பர். பிடித்து வைத்த கூலியைக் கொடுத்தார். "நாளைக்கு வர வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார்.

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வரேன் சார். இன்னொரு வாளியும் நல்ல துணியும் வாங்கி வையுங்க" என்றார்.

மறுநாள் காலை இரண்டு வாளியும் ஆறு துணியும் வாசலில் தயாராக இருந்தன. காரில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. நண்பர் அவற்றைத் தேய்க்கவில்லை.